சாய்பலகையில் உருளும் கோலி: சரிவைக் கூட்டினால் வேகம் எவ்வளவு கூடும்?

கோத்தகிரி டீச்சர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குச் சாய்தளம் வைக்கிறார்கள். 120 செ.மீ. பிளைவுட் பலகை. ஒரு முனையைப் புத்தகம் அடுக்கித் தூக்கி, மேலிருந்து கண்ணாடிக் கோலியை விடுகிறோம். பலகையை விட்டு இறங்கிய கோலி சிமெண்ட் தரையில் 1 மீட்டர் ஓட எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்க்கிறோம்.

ஐந்து முறை எடுத்த சராசரி இது. உயரம் 10 செ.மீ. என்றால் 0.95 நொடி, 20-க்கு 0.71, 40-க்கு 0.58, 60-க்கு 0.61.

மூன்று இடத்தில் இடிக்கிறது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் ஏன் இரண்டு மடங்கு ஆகவில்லை? 60 செ.மீ.-யில் 40-ஐ விட மெதுவாகப் போகிறதே, அது எப்படி? மூன்றாவது, ஒரு மாணவி 60 செ.மீ. நீளமுள்ள சின்னப் பலகையை 20 செ.மீ. உயரத்தில் வைத்துப் பார்த்தாள். சரிவு நன்றாகவே கூடுதல், ஆனால் தரையில் 0.70 நொடி. பெரிய பலகையில் அதே 20 செ.மீ.-க்கு வந்தது 0.71. "சரிவு கூடினால் வேகம் கூடும்" என்று சார்ட்டில் தலைப்பே எழுதிவிட்டோம். தலைப்பை மாற்ற வேண்டுமா?

உதகை இயற்பியல்

வணக்கம் டீச்சர். தலைப்பை மாற்றுங்கள். அந்த மாணவி கண்டுபிடித்ததுதான் இந்தச் சோதனையின் உயிர்.

சரிவு முடிவு செய்வது முடுக்கத்தை, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் எவ்வளவு ஏறுகிறது என்பதை. அடிவாரத்துக்கு வரும்போது கோலிக்கு என்ன வேகம் இருக்கும் என்பதை முடிவு செய்வது அது இறங்கிய செங்குத்து உயரம். சரிவு அதிகமென்றால் அந்த வேகத்தைச் சீக்கிரம் எட்டும், சரிவு குறைவென்றால் நிதானமாக எட்டும். எட்டும் வேகம் ஒன்றே.

கணக்கோடு பாருங்கள். வழுக்காமல் உருளும் திடக் கோளத்துக்கு முடுக்கம் = 9.8 × (5/7) × (உயரம் ÷ பலகை நீளம்). பெரிய பலகையில் 20 செ.மீ. உயரத்துக்கு இது 1.17 மீ/வி². இறங்க 1.43 நொடி, கடைசி வேகம் 1.67 மீ/வி. சின்னப் பலகையில் முடுக்கம் இரண்டு மடங்கு, 2.33. இறங்க 0.72 நொடி, சரி பாதி. கடைசி வேகம் மறுபடியும் அதே 1.67. நீங்கள் தரையில் அளந்தது கடைசி வேகத்தை, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே விடை. பலகை மேல் ஓடும் நேரத்தை அளந்திருந்தால் இரண்டு மடங்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

அந்த 5/7 எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோலி இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் முழுவதும் முன்னோக்கி ஓடுவதற்குப் போவதில்லை. ஏழில் இரண்டு பங்கு தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் போய்விடுகிறது. மீதி ஐந்து பங்குதான் ஓட்டத்துக்கு. கோலி பெரிதா சிறிதா, கனமா லேசா என்பது இதில் வராது.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆற்றல் உயரத்தோடு நேராகக் கூடுகிறது, ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்காக உயரம் நான்கு மடங்காக வேண்டும். 10 செ.மீ.-க்கு 1.18 மீ/வி, 40 செ.மீ.-க்கு 2.37.

சரிவையும் உயரத்தையும் பிரித்துக் காட்ட இன்னொரு வழியும் உண்டு. பலகையை 20 செ.மீ. உயரத்திலேயே விட்டுவிடுங்கள், சரிவைத் தொடவே வேண்டாம். ஒருமுறை உச்சியிலிருந்து கோலியை விடுங்கள், அடுத்த முறை கீழ்முனையிலிருந்து 30 செ.மீ. மேலே வைத்து விடுங்கள். சரிவு அதேதான், ஆனால் இரண்டாவது கோலி பாதி வேகத்தில்தான் வந்து சேரும். இதைப் பார்த்துவிட்ட பிள்ளை சரிவையும் வேகத்தையும் ஒன்றாக நினைக்காது.

குன்னூர் பட்டறை

டீச்சர், 60 செ.மீ. ரீடிங் கெட்டதுக்குக் காரணம் பலகை தரையைத் தொடுற அந்த மூலை. 60 உயரம், 120 நீளம்னா 30 டிகிரி. கோலி அந்த முனையில தரையில மோதித்தான் திரும்புது. துள்ளும், கொஞ்ச தூரம் காத்துல போகும், இறங்கி வழுக்கும். கணக்குப்படி 30 டிகிரியில சுமார் 10 சதவீத வேகம் அங்கயே போயிடும். 40 செ.மீ. உயரத்துல 4 சதவீதம். 10 செ.மீ.-ல ஒண்ணும் தெரியாது. அதாவது சரிவு கூடக் கூட மூலை தின்னுறதும் கூடுது.

இதுக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை போதும். வழவழப்பான கெட்டி அட்டையா பார்த்து 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பாதி பலகை மேல, பாதி தரை மேல வர்ற மாதிரி மெதுவா வளைச்சு செலோடேப்ல ஒட்டுங்க. மேல் விளிம்புல டேப் மேடு தட்டாம இருக்கணும். நகத்தால தடவினா இடறக்கூடாது. அட்டைக்கு அடியில காலி இடம் இருந்தா கோலி கனத்துல அமுங்கும், அதனால அங்க களிமண் வெச்சு அடைச்சிடுங்க.

அடுத்தது பலகை. மெல்லிசு பிளைவுட்டை ரெண்டு முனையில மட்டும் தாங்க வெச்சா நடுவுல தொய்யும். ஐப்பசி மழைக்குக் கோத்தகிரியில அது நெளியவும் செய்யும். அடியில நீளவாக்குல சில்வர் ஓக் ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) ஒண்ணு வெச்சு ஸ்க்ரூ போடுங்க, 2 இஞ்ச் உயரம் நிக்கிற மாதிரி. ரசமட்டத்தைப் பலகைக்குக் குறுக்கே வெச்சுப் பார்க்கணும், குறுக்கே சாய்ஞ்சிருந்தா கோலி ஓரமா ஒதுங்கும். தரையிலயும் வையுங்க. மலையில பழைய கட்டடத் தரை பல இடத்துல வாட்டமாத்தான் இருக்கு. ஒரு மீட்டருக்கு அரை செ.மீ. வாட்டம்னாலும் 10 செ.மீ. ரீடிங்ல தெரியும்.

கோலியை விடுற விதம் ரொம்ப முக்கியம். விரலால விட்டா தெரியாமலே ஒரு தள்ளு விழுந்துடும். கோலிக்கு முன்னால ஒரு ஸ்கேலைக் குறுக்கே பிடிச்சு, அதைச் சரிவுப் பக்கமா வெடுக்குனு முன்னால எடுக்கணும். மேல தூக்கக்கூடாது, தூக்கினா ஸ்கேல் உரசி கோலியைச் சுத்திவிடும்.

உயரம் எங்கிருந்து எங்க அளக்குறீங்கன்னும் பாருங்க. பலகை உச்சி 20 செ.மீ.-ல இருக்கலாம், ஆனா கோலி உச்சியிலிருந்து 6 செ.மீ. தள்ளி நின்னா அது இறங்குறது 19 செ.மீ. தான்.

கோலி ஓரம் போகாம இருக்க அலுமினிய சேனல் வாங்கிப் பதிச்சிடலாம். உள்பக்கம் 10 மி.மீ. அகலம் இருந்தா சாதாரணக் கோலி ரெண்டு விளிம்பு மேல அழகா உக்காரும்.

பெருமாள்மலை

பட்டறை அண்ணன் சொன்ன எல்லாமே சரி, அந்தக் கடைசி யோசனையைத் தவிர. சேனல் விளிம்பில் உட்கார்ந்தால் கோலி நேராகப் போகும், ஆனால் 5/7 கணக்கு உடைந்துவிடும்.

16 மி.மீ. கோலி 10 மி.மீ. இடைவெளியின் இரு விளிம்பில் உட்கார்ந்தால், மையத்திலிருந்து அது தொட்டு உருளும் கோட்டுக்கு 8 மி.மீ. இல்லை, 6.2 மி.மீ. தான். சின்னச் சக்கரம் மாதிரி. ஒரே தூரம் போக அதிகமாகச் சுற்ற வேண்டும், சுற்றுவதற்கு அதிக ஆற்றல் போகும். கடைசி வேகம் சமதளப் பலகையை விட 8 சதவீதம் குறையும். எல் ஆங்கிளை வி வடிவத்தில் நிமிர்த்தி வைத்தால் 12 சதவீதம் குறையும். பிள்ளைகள் உராய்வுதான் காரணம் என்று சார்ட்டில் எழுதிவிடுவார்கள், அது தப்பாகிவிடும்.

சமதளப் பலகையே நல்லது. இரண்டு பக்கமும் மரச்சட்டமோ பழைய ஸ்கேலோ ஒட்டி, கோலியை விட 3 மி.மீ. கூடுதல் வழி விடுங்கள். ரசமட்டம் சரியாக இருந்தால் கோலி சட்டத்தைத் தொடாது.

இப்போது ஸ்டாப்வாட்ச்சுக்கு வருகிறேன். 40 செ.மீ. உயரத்திலிருந்து வரும் கோலி தரையில் 1 மீட்டரை 0.42 நொடியில் கடக்க வேண்டும். கை ஸ்டாப்வாட்ச்சை அழுத்தவும் நிறுத்தவும் ஆகும் தடுமாற்றமே 0.1, 0.2 நொடி. ஐந்து முறை சராசரி எடுத்தாலும், எல்லா முறையும் ஒரே பக்கம் தாமதித்தால் அந்தப் பிழை அப்படியே நிற்கும். உங்கள் எண்கள் எல்லாமே கூடுதலாக வந்திருப்பதைப் பாருங்கள். தரை இழுப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

கடிகாரமே வேண்டாம். சாய்பலகையை மேசை மேல் வையுங்கள். அடியில் அண்ணன் சொன்ன வளைந்த அட்டை, அதற்கப்புறம் மட்டமாக 10 செ.மீ., அப்புறம் மேசை விளிம்பு. கோலி விளிம்பைத் தாண்டிப் பறந்து தரையில் விழட்டும். விழும் இடத்தில் வெள்ளைத்தாள், அதன் மேல் கார்பன் பேப்பர், மை பக்கம் கீழே. விழுந்த இடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி பதியும். மேசை விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது தரையைக் காட்டும் இடத்திலிருந்து புள்ளி வரை டேப்பில் அளக்க வேண்டும். கோலி ஓடிப்போகாமல் பின்னால் ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டிப் போடுங்கள், இரண்டாவது துள்ளலில் விழும் புள்ளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மேசை உயரம் 75 செ.மீ. என்றால் கோலி தரையைத் தொட எப்போதும் 0.39 நொடிதான், எந்த வேகத்தில் கிளம்பினாலும். அதனால் விழும் தூரமே வேகத்தின் அளவு. சரிவு உயரம் 10 செ.மீ.-க்கு 46 செ.மீ. தள்ளி விழ வேண்டும். 20-க்கு 65, 30-க்கு 80, 40-க்கு 93. உங்களுக்குச் சில செ.மீ. குறைவாகவே வரும், உருளும் இழுப்பு இருக்கிறதே.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. விழும் தூரத்தின் வர்க்கம் = (20/7) × மேசை உயரம் × சரிவு உயரம். புவியீர்ப்பு முடுக்கம் இதில் வரவே இல்லை, வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. தூரத்தின் வர்க்கத்தை ஒரு அச்சிலும் சரிவு உயரத்தை மறு அச்சிலும் வைத்து வரைபடத் தாளில் போட்டால் நேர்கோடு கிடைக்கும். நேர்கோடு வந்துவிட்டால் பாதி நேரம் விளக்கமே தேவைப்படாது.

அந்தக் கோடு பூஜ்யத்தின் வழியாகப் போகாமல் கொஞ்சம் தள்ளி வெட்டினால் பயப்பட வேண்டாம். பலகையை ஏறக்குறைய மட்டமாக வைத்து, அட்டைத் துண்டாகச் சொருகி ஒரு முனையை உயர்த்துங்கள். லேசாகத் தட்டிவிட்ட கோலி வேகம் கூடாமலும் குறையாமலும் போகும் உயரம் ஒன்று வரும். அது 0.6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உங்கள் எல்லா உயரங்களிலும் 0.6 கழித்துவிடுங்கள். அவ்வளவு உயரம் இழுப்பை ஈடுகட்டவே போய்விடுகிறது.

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கார்பன் பேப்பர் முறையே வைத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு. சரிவு முடுக்கத்தைத்தான் மாற்றுகிறது என்பதைப் பார்க்க வருகிறவர்களுக்கு உடனே புரிகிற மாதிரி, கணக்கில்லாமல் காட்ட முடியுமா? அப்புறம், மலை ரயிலோடு இதை இணைக்க வேண்டும் என்று பையன்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

உதகை இயற்பியல்

முடியும், காதால் கேட்க வைக்கலாம். பலகையின் உச்சியிலிருந்து 7.5, 30, 67.5, 120 செ.மீ. தூரங்களில் குறுக்கே தையல் நூல் ஒற்றை இழையாக இழுத்துக் கட்டுங்கள். கோலி ஒவ்வொரு நூலையும் தாண்டும்போது "டக்" என்று கேட்கும். நூல்களுக்கு இடையே தூரம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் நான்கு சத்தமும் சம இடைவெளியில் வரும், தாளம் போட்ட மாதிரி. 10 செ.மீ. உயரத்தில் அரை நொடிக்கு ஒன்று. 40 செ.மீ.-க்குத் தூக்கினால் கால் நொடிக்கு ஒன்று. நூலை நகர்த்தவே வேண்டியதில்லை. தாளம் கெடாது, வேகமாகும். சரிவு முடுக்கத்தை மாற்றுகிறது என்பதன் பொருள் இதுதான்.

தூரங்கள் 1, 4, 9, 16 என்ற விகிதம். அடுத்தடுத்த இடைவெளிகள் 1, 3, 5, 7. சாய்ந்த பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி இந்த ஒற்றைப்படை வரிசையைக் கண்டவர் கலிலியோ, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவரிடம் ஸ்டாப்வாட்ச் கிடையாது. ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரம் பார்த்தார்.

இதற்குப் பெரிய கோலி, 25 மி.மீ. அளவு, வேண்டும். சின்னக் கோலி நூலில் தடுக்கி வேகம் இழக்கும். பலகை தொய்ந்திருந்தாலும் தாளம் நொண்டும். தொய்வு இருந்தால் உச்சியில் சரிவு அதிகம், அடியில் குறைவு, ஆகவே முன்பாதியைச் சீக்கிரம் முடித்துவிடும். மொத்த உயரம் மாறாததால் கடைசி வேகம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பட்டறைக்காரர் சொன்ன ரீப்பர் இங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

மலை ரயில் உங்களுக்குக் கைமேல் கிடைத்த எடுத்துக்காட்டு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம் இருக்கும் பகுதியில் உச்சச் சரிவு 12-க்கு 1. உங்கள் 120 செ.மீ. பலகையை 10 செ.மீ. தூக்கினால் அச்சாக அதே சரிவு. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரித் தெரியும். பிடிப்பில்லாத ஒரு பெட்டி அந்தச் சரிவில் 100 மீட்டர் உருண்டால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 46 கி.மீ. வேகம் வந்துவிடும். 400 மீட்டர் உருண்டால் அதன் இரு மடங்கு. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுவதும், இறக்கத்தில் நிற்பதும் நம்பக்கூடியது அல்ல, மழையில் சொல்லவே வேண்டாம். அதனால்தான் நடுவில் பல்தண்டவாளம், அதில் கடித்துப் பிடிக்கும் பல்சக்கரம். குன்னூருக்கு மேல் சரிவு தணிகிறது, உதகை வரை பல்தண்டவாளம் இல்லாமலே ஓடுகிறது. 10 செ.மீ. உயரத்துக்கு நேராகப் பலகையில் "கல்லாறு – குன்னூர்" என்று எழுதி ஒட்டுங்கள்.

பெருமாள்மலை

கூட்டம் கூட்டுவதற்கு ஒரு பந்தயமும் வையுங்கள் டீச்சர். 110 மி.மீ. பிவிசி பைப்பில் 8 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு. ஒன்று காலி வளையம், இன்னொன்றில் சிமெண்ட் கலவை நிரப்பிக் காயவைத்தது. கூடவே கோலி. 20 செ.மீ. உயரத்தில் மூன்றையும் முன்விளிம்பு ஒரே கோட்டில் வரும்படி நிறுத்தி ஒரே ஸ்கேலால் விடுங்கள், பலகை மட்டும் அகலமாக வேண்டும். கோலி 120 செ.மீ. ஓடி முடிக்கும்போது சிமெண்ட் உருளை சுமார் 8 செ.மீ. பின்தங்கியிருக்கும், காலி வளையம் 36 செ.மீ. பின்னால் வரும். சிமெண்ட் கனமாக இருப்பதால் முந்தவில்லை, வளையம் லேசாக இருப்பதால் பிந்தவில்லை. வளையத்தில் எடை முழுக்க விளிம்பில் இருக்கிறது, ஆற்றலில் பாதி சுற்றுவதற்கே போகிறது.

நான்காவதாக, தண்ணீர் முட்ட நிரப்பிய எவர்சில்வர் பாட்டில். ஒற்றைச் சுவர், நேர் உருளை வடிவம், மூடி விளிம்பு துருத்தாதது. பிளாஸ்டிக் பாட்டில் அங்கே நீலகிரியிலும் சரி, இங்கே கொடைக்கானலிலும் சரி, தடை, அதைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம். இது கோலியையே முந்திவிடும். சுவர் சுற்றுகிறது, உள்ளே தண்ணீர் ஏறக்குறையச் சுற்றாமல் வழுக்கி வருகிறது, சுற்றலுக்குப் போகும் பங்கு மிகக் குறைவு. கொஞ்சம் காற்று உள்ளே இருந்தாலும் தண்ணீர் அலம்பி வேகம் கெடும், முட்ட நிரப்புங்கள்.

வளையத்தை வைத்துக்கொண்டு 40 செ.மீ.-க்கு மேல் போகாதீர்கள். பளபளப்பான மைக்கா ஒட்டிய பலகையில் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பு எவ்வளவு என்று சொல்லும் எண், 0.2 என்று வைத்தால், வளையம் 22 டிகிரிக்கு மேல் உருளாமல் வழுக்க ஆரம்பிக்கும். திடக் கோளம் 35 டிகிரி வரை தாங்கும். உங்கள் 60 செ.மீ. உயரம் 30 டிகிரி. அங்கே கோலி உருளும், வளையம் வழுக்கும், பந்தயம் பொருளற்றுப் போகும். சோதிக்க வளையத்தின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள். 120 செ.மீ.-க்கு மூன்றரைச் சுற்று வர வேண்டும். குறைந்தால் வழுக்குகிறது.

குன்னூர் பட்டறை

சேனல் விஷயம் ஒத்துக்கிறேன், அதை விட்டுடுங்க டீச்சர்.

பைப் வெட்டும்போது ஒண்ணு. கண்ணால பார்த்து அறுத்தா கோணலா வரும், கோண வளையம் பாதி வழியில பக்கவாட்டுல திரும்பிடும். நேர் விளிம்புள்ள பேப்பரைப் பைப்பைச் சுத்தி இறுக்கமா சுத்துங்க, விளிம்பும் விளிம்பும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழணும். அந்த விளிம்போட பென்சில் கோடு போட்டு, ஹேக்ஸா பிளேடால பைப்பைச் சுழட்டிச் சுழட்டிக் கோடு மேலயே கொஞ்சம் கொஞ்சமா அறுங்க. ஒரே பக்கமா அடி வரைக்கும் இறக்காதீங்க. அறுத்த பிசிறை உப்புத்தாள்ல தேய்ச்சு எடுத்துடுங்க, உள் விளிம்புலயும். சிமெண்ட் துண்டு ரெண்டு நாளாவது காயணும், இப்ப இருக்குற மூடுபனிக்கு நாலு நாள் விடுங்க. ஈரத்தோட வெச்சா பலகை மேல கறை விழும், கோலியும் அந்த இடத்துல இழுக்கும். கோலியையும் ஒவ்வொரு தடவை விடுறதுக்கு முன்னாடி துணியால துடைங்க. ஜில்லுனு இருக்கிற கண்ணாடி, ஆள் நிறைஞ்ச ரூமுக்குள்ள வந்ததும் வேர்த்துடும்.